சேலத்து வெயிலில் ஹார்ட்கோர் ரெக்கார்டு: புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு

வேகமும் இரைச்சலுமாக அடிக்கும் ஹார்ட்கோர் பங்க், மெட்டல் இசை ரெக்கார்டு சேர்க்கப் போகிறேன் என்று சேலத்தில் யாராவது வந்து நின்றால், எந்த பேண்ட் பிடிக்கும் என்று நான் கேட்பதில்லை. வீட்டில் எந்த அறையில் வைக்கப் போகிறீர்கள் என்றுதான் கேட்பேன். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையா, தரைத்தளமா, சாயங்கால வெயில் அடிக்கும் மேற்குச் சுவர் எது? இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. முதலில் ரெக்கார்டு வாங்கு, பிறகு பிளேயர், அலமாரியைப் பற்றிக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நம் ஊரில் அந்த வரிசையில் போனால் கையில் மிஞ்சுவது வளைந்த தட்டும் பூசணம் பிடித்த அட்டையும்தான். தலைகீழாகப் போங்கள்: அறை, பிளேயர், காது, அதற்குப் பிறகு ரெக்கார்டு.

அறை

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் பழகிய கதை. ரெக்கார்டு செய்யும் வினைல் பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போது இளகத் தொடங்கும். அறைக்குள் அவ்வளவு சூடு வராது, சரி. ஆனால் ஜன்னலோரம் நேர் வெயில் விழும் இடத்திலும், வெயிலில் பூட்டி நிறுத்திய காருக்குள்ளும் தாராளமாக வரும். பெங்களூரில் வாங்கிய ரெக்கார்டைக் காரின் பின்சீட்டில் போட்டுவிட்டு, வழியில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினீர்கள் என்றால் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். ஹோட்டல்காரர் ஒன்றும் சொல்லமாட்டார்.

பரண் வேண்டவே வேண்டாம். மாடிக் கான்கிரீட்டின் சூடு ராத்திரி பத்து மணி வரை இறங்குவது அங்கேதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரை அறையைப் பற்றிப் பேசவே தேவையில்லை. தரைத்தளத்தில், உள்பக்கச் சுவரை ஒட்டி, தரையிலிருந்து அரையடி உயர்த்தி அடுக்குங்கள். தட்டுகள் செங்குத்தாக நிற்க வேண்டும். ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் அடியில் இருப்பது நசுங்கும். சாய்ந்து நின்றால் சாதாரண கோடைச் சூட்டிலேயே மாதக்கணக்கில் மெல்ல வளையும். அட்டையோடு சேர்த்து ஒரு எல்.பி., அதாவது 12 அங்குலப் பெரிய தட்டு, கால் கிலோ வரும். நூறு சேர்ந்தால் 25 கிலோ. பிளைவுட் புத்தக அலமாரி இந்தப் பாரத்தில் தொய்ந்துவிடும். கடைகளில் போடுகிற இரும்பு ஆங்கிள் ரேக் போதும். தட்டுக்குத் தட்டு 34 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு முடுக்கச் சொல்லுங்கள்.

ஏற்காட்டில் இருப்பவர்களுக்குக் கதை வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வெயில் பயம் போய் ஈரப் பயம் வந்துவிடும். மழை மாதங்களில் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிற ஊரில், அட்டையில் பூசணம் பிடிக்க ஒரு சீசன் போதும். அட்டையிலிருந்து காகித உறைக்கும், உறையிலிருந்து தட்டுக்கும் அது பரவும். முள் ஓடும்போது மழை கொட்டுகிற மாதிரி சத்தம் கேட்டால் பூசணம் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம். ஈரப்பதம் காட்டும் சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒன்று வாங்கி ரேக்கில் வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் நல்லது. 65-ஐத் தாண்டினால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு, மாதம் ஒருமுறை சூடாக்கி உலர்த்தி மறுபடி போடுங்கள். கேமரா லென்ஸுக்காக பீரோவுக்குள் பல்பு எரியவிடும் ஆட்கள் மலையில் உண்டு. ரெக்கார்டுக்கு அந்த வித்தை ஆகாது.

கவர் விஷயத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கனமாக, பளபளவென்று, மோந்து பார்த்தால் புது ரெயின்கோட் வாசனை அடிக்கிற பி.வி.சி. கவரை வாங்காதீர்கள். அதிலிருந்து கசியும் பொருள் சூட்டில் வினைலோடு வினைபுரிந்து, தட்டின்மேல் துடைக்க முடியாத பால் படலத்தை உண்டாக்கும். புடவைக்கும் சட்டைக்கும் போடுகிற பாலிபுரொப்பிலீன் கவர், கடைக்காரர்கள் பாஷையில் பி.பி. கவர், சேலத்தில் மொத்த விலையில் கிடைக்கும். 13 அங்குல அளவைக் கேட்டு வாங்குங்கள்.

பிளேயர்

பழைய சாமான் கடையில் சூட்கேஸ் மாதிரி மூடி திறக்கும் ரெக்கார்டு பிளேயர் கண்ணில் படும். ஆசையாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றில் முள்ளைத் தாங்கும் பகுதியாக இருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ். ஐந்து கிராமுக்குக் குறையாமல் தட்டை அழுத்தும். தாத்தா காலத்து சினிமாப் பாட்டு ரெக்கார்டுகளைக் கேட்க அது இருக்கட்டும். கடல் தாண்டி வரவழைத்த ஏழு அங்குலச் சின்ன ரெக்கார்டின்மேல் அந்த முள்ளை வைக்கக் கூடாது. காந்த கார்ட்ரிட்ஜ் உள்ள, இரண்டு மூன்று கிராம் அளவில் அழுத்தும் டர்ன்டேபிள்தான் வேண்டும். ஆடியோ டெக்னிகா எல்.பி.60 போன்ற தானியங்கி மாடல் ஆரம்பத்துக்குப் போதும். முள்ளிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ப்ரீஆம்ப் உள்ளேயே இருப்பதால், வீட்டில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரில் நேரே சொருகலாம். செகண்ட் ஹேண்டில் எது வாங்கினாலும் முள்ளை மட்டும் புதிதாகப் போடுங்கள். முன்னால் வைத்திருந்தவர் எத்தனை ஆயிரம் பக்கம் ஓட்டினார் என்பது அவருக்கே நினைவிருக்காது.

வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் கொண்டுவந்த பழைய பிளேயர் என்றால் பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். அமெரிக்காவின் 120 வோல்ட்டையும் ஜப்பானின் 100 வோல்ட்டையும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் சரிக்கட்டிவிடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தோடு இசைந்து சுற்றும் பழைய ஏ.சி. மோட்டார் நம் 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். வேகமாக அடிக்கும் டிஸ்சார்ஜ் பேண்டின் ரெக்கார்டைப் போட்டால் ஊர்ந்து போகும் டூம் மெட்டல் கேட்கும். டி.சி. மோட்டார் உள்ளதாக இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

மேசை? ஒரே மேசையில் ஸ்பீக்கரையும் பிளேயரையும் வைத்தால், பாஸ் அதிரும்போது அதிர்வு முள்ளுக்குத் திரும்பி வந்து ஊளையிடும். நம் வீடுகளில் இதற்கு ஒரு நல்ல வழி தயாராக இருக்கிறது. சுவரில் பதித்த கடப்பா கல் அலமாரி. ஆள் நடந்தாலும், பக்கத்து அறையில் கிரைண்டர் ஓடினாலும் அது அசையாது. கல்லுக்கும் பிளேயருக்கும் நடுவே நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வைத்தால் ஆயிரக்கணக்கில் விற்கிற ஆடியோ ஸ்டாண்டுகளுக்கு ஈடு. தண்ணீர் மட்டம் பார்த்து வையுங்கள், அவ்வளவுதான். கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் உறுமல் கேட்டால் பிளேயர் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். சைன் வேவ் அல்லாத இன்வெர்ட்டரின் வேலை அது. கரன்ட் வந்ததும் சரியாகிவிடும்.

காது

இனிதான் விஷயத்துக்கே வருகிறோம். முதல் மூன்று மாதம் ஒரு ரெக்கார்டும் வாங்காமல், போனிலோ கணினியிலோ கேளுங்கள். எதைக் கேட்பது? ஆயிரம் பேர் ஆயிரம் பட்டியல் வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால் நான்கைந்து ரெக்கார்டை மட்டும் மனப்பாடம் ஆகும்வரை கேட்கச் சொல்வேன்.

வாஷிங்டன் டி.சி.யின் மைனர் த்ரெட் பேண்ட், 1981-இல் வந்த அவர்களுடைய முதல் ஏழு அங்குலம். எட்டுப் பாட்டு, மொத்தமே பத்து நிமிடத்துக்குள். வேகத்தைப் பார்த்து இரைச்சல் என்று தோன்றும். பாட்டு வரித் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழுவது தெரியும். இதை வெளியிட்ட டிஸ்கார்ட் லேபிள் 1980-இல் பள்ளிக்கூடம் முடித்த பையன்கள் தொடங்கியது. அவர்களுடைய முதல் வெளியீடான டீன் ஐடில்ஸ் ரெக்கார்டுக்கு அட்டை அடிக்க வழி தெரியாமல், ஒரு பிரிட்டிஷ் ஏழு அங்குல சிங்கிளின் அட்டையைப் பிரித்து, அதன் வடிவத்தை வரைந்து எடுத்து, ஆயிரம் அட்டையையும் கையாலேயே வெட்டி மடித்து ஒட்டினார்கள். இந்த உலகத்தை நிலத்தடி என்று சொல்வதன் பொருள் எனக்கு அங்கே இருக்கிறது. கம்பெனி இல்லை, ஏஜென்ட் இல்லை, பசை டப்பா மட்டும்தான். கலிபோர்னியாவின் எஸ்.எஸ்.டி. லேபிளும் இதே ரகம். பிளாக் ஃபிளாக் கிதார்காரர் கிரெக் கின் சிறுவயதில் ஹாம் ரேடியோ உதிரி விற்கத் தொடங்கிய சின்ன கம்பெனியின் பெயரையே லேபிளுக்கும் வைத்தார். அந்த பேண்டின் நான்கு கறுப்புப் பட்டை முத்திரையை வரைந்தவர் அவருடைய தம்பி ரேமண்ட் பெட்டிபன்.

அடுத்து இங்கிலாந்தின் டிஸ்சார்ஜ் பேண்ட், 1982 ஆல்பம். டிரம்ஸை மட்டும் கேளுங்கள். டும் டக், டுடும் டக். இந்த ஒரே அடிதான் கடைசிவரை. இதற்கு டி-பீட் என்று பெயர், பேண்டின் முதலெழுத்திலிருந்து. ஸ்வீடன், ஜப்பான், பிரேசில் என்று எங்கெங்கோ இருந்த பையன்கள் இந்த அடியை எடுத்துக்கொண்டு தனித்தனிப் பள்ளியே தொடங்கினார்கள். மெட்டல்காரர்களும் விடவில்லை, மெட்டாலிகா டிஸ்சார்ஜ் பாட்டுகளைப் பாடி ஆல்பத்தில் போட்டது. பங்க் வேறு மெட்டல் வேறு என்று சண்டை போடுபவர்களிடம் இந்த ரெக்கார்டைப் போட்டுக் காட்டலாம்.

மூன்றாவது, நாப்பாம் டெத் பேண்டின் 'ஸ்கம்', 1987, இயரேக் லேபிள். இதைக் கேட்பதைவிட அட்டையின் பின்பக்கத்தைப் படிப்பது இன்னும் சுவாரசியம். முதல் பக்கமும் இரண்டாம் பக்கமும் வெவ்வேறு சமயத்தில், ஏறக்குறைய வெவ்வேறு ஆட்கள் வாசித்தவை. இரண்டு பக்கமும் இருப்பவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். பிளாஸ்ட் பீட் எனப்படும் அந்த இடைவெளியில்லாத அடி இவர் கையில்தான் ஊர் உலகத்துக்குத் தெரிந்தது. இப்போது பெயர்களைப் பிடித்துக்கொண்டு போங்கள். முதல் பக்கக் கிதார் ஜஸ்டின் பிராட்ரிக். அவரைத் தொடர்ந்தால் இயந்திரம் ஓடுகிற மாதிரி அடிக்கும் காட்ஃபிளெஷ் வரும். இரண்டாம் பக்கக் கிதார் பில் ஸ்டியர். அவர் வழியாக கார்கஸ். இரண்டாம் பக்கம் பாடிய லீ டோரியன் பிறகு கதீட்ரல் என்று ஒரு பேண்ட் தொடங்கி, வேகத்தையே கைவிட்டு ஊர்ந்து போகும் டூம் மெட்டலுக்குப் போனார். ரைஸ் அபவ் லேபிளும் அவருடையதே. ஒரே ஒரு அட்டையிலிருந்து மூன்று திசை. யார் பட்டியலும் இல்லாமல் அடுத்து எதைக் கேட்பது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது.

உறுமும் குரலில் பாடும் டெத் மெட்டல், அதிலும் ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் பாணி வேண்டுமென்றால் என்டூம்ட் பேண்டின் 1990 ஆல்பம். அந்தக் கிதார் ஒலி பாஸ் (Boss) கம்பெனியின் எச்.எம்-2 என்ற, கிதார் ஒலியை மாற்றும் மலிவான பெடலின் எல்லாக் குமிழையும் கடைசிவரை திருகி எடுத்தது. சன்லைட் ஸ்டூடியோவில் பதிவானது. அதே ஸ்டூடியோவின் மற்ற ரெக்கார்டுகளையும் கேட்டால், பேண்டைவிட ஸ்டூடியோவை அடையாளம் கண்டுபிடிக்கும் காது வந்துவிடும். அது வந்துவிட்டால் நீங்கள் சேர்ப்பாளர் ஆகிவிட்டீர்கள்.

பிரேசிலை விட்டுவிடக் கூடாது. பெலோ ஒரிசோன்ட்டி என்ற ஊர், இரும்புத் தாது வெட்டியெடுக்கும் மாநிலத்தின் தலைநகர். கஞ்சமலையையும் உருக்காலையையும் பார்த்து வளர்ந்த நமக்கு அந்த ஊர் அவ்வளவு அந்நியமாக இருக்காது. அங்கே கோகுமெலோ என்ற ரெக்கார்டு கடை தானே லேபிளாக மாறி 1985-இல் செபுல்துரா பேண்டின் முதல் ரெக்கார்டை வெளியிட்டது; மறுபக்கம் ஓவர்டோஸ் என்ற உள்ளூர் பேண்ட். 1987-இல் சார்கோஃபாகோ பேண்டின் 'ஐ.என்.ஆர்.ஐ.'யும் அதே கடையிலிருந்துதான். ஒலிப்பதிவு கரடுமுரடு. அதைக் குறை என்று நினைத்துக் கேட்டால் அந்த ரெக்கார்டு உங்களுக்குத் திறக்காது. கையில் இருந்த காசுக்குக் கிடைத்த ஸ்டூடியோவில், கிடைத்த நேரத்தில் அடித்துத் தீர்த்த அவசரம்தான் அந்த ஒலி.

நம் பக்கத்தில் பெங்களூரின் கிரிப்டாஸ் 1998 முதல் பழைய பாணி ஹெவி மெட்டல் வாசிக்கிறது. 2013-இல் ஜெர்மனியின் வாக்கன் மெட்டல் விழா மேடை ஏறியது. சிங்கப்பூரின் ருத்ரா 1992-இல் தொடங்கி, வேதாந்தக் கருத்துகளையும் சமஸ்கிருதச் சுலோகங்களையும் டெத் மெட்டலில் கலந்தது. மும்பையில் டெத் பை ஃபங்கை (பூசணத்தால் சாவு) போன்ற ஹார்ட்கோர் பேண்டுகள் வந்திருக்கின்றன. ஏற்காட்டுக்காரர்கள் அந்தப் பெயரைப் பார்த்துச் சிரிக்கலாம்.

ஒரு கசப்பான விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மெட்டலின் ஒரு கிளையான பிளாக் மெட்டலில் நாஜிக் கொள்கையை வெளிப்படையாகப் பரப்பும் பேண்டுகளும் லேபிள்களும் உண்டு. மறைமுகமாகச் செய்பவை இன்னும் அதிகம். சாத்தான் படம், தலைகீழ்ச் சிலுவை எல்லாம் நாடகம், வீட்டில் அம்மா, "இதென்ன கண்ணு, காசு குடுத்து எலும்புக்கூடு வாங்கிட்டு வர்ற?" என்று கேட்பதோடு முடிந்துவிடும். நாஜிக்காரர்களுக்குப் பணம் அனுப்புவது நாடகம் இல்லை. தெரியாத பேண்டை வாங்கும் முன் ஐந்து நிமிடம் தேடிப் பாருங்கள். இசை நன்றாக இருக்கிறதே என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை.

வாங்குவது

சேலத்துப் பழைய சாமான் கடைகளில் ஹார்ட்கோர் ரெக்கார்டு கிடைக்காது. எச்.எம்.வி. சினிமாப் பாட்டும், அதிர்ஷ்டம் இருந்தால் போனி எம்மும் கிடைக்கும். ஆனாலும் ஒரு நடை போய் வாருங்கள். நல்ல பழைய ஆம்ப்ளிஃபயரும் கேசட் டெக்கும் அங்கே எடைக்குப் போகாமல் காத்திருக்கலாம். ரெக்கார்டு என்றால் மூன்று வழி: பேண்டிடமோ லேபிளிடமோ நேரடியாக, இந்தியாவிலிருந்தே இயங்கும் டிரான்சென்டிங் அப்ஸ்க்யூரிட்டி போன்ற மெட்டல் லேபிள்களிடம், அல்லது ரெக்கார்டுகளைப் பதிப்புவாரியாகப் பட்டியலிட்டு விற்க இடம் தரும் டிஸ்காக்ஸ் இணையதளத்தில் தனி விற்பனையாளரிடம்.

முதலில் மறுபதிப்பை வாங்குங்கள். மைனர் த்ரெட் அசல் ஏழு அங்குலத்துக்குக் கேட்கிற விலையில் ஒரு நல்ல டர்ன்டேபிள் வாங்கிவிடலாம். அதே பாட்டுகளை டிஸ்கார்ட் இன்றும் நியாயமான விலையில் அச்சில் வைத்திருக்கிறது. இந்த உலகத்தில் விலையைப் பற்றி ஒரு பழைய மரியாதை உண்டு. இங்கிலாந்தின் க்ராஸ் பேண்ட், கடைக்காரர் ஏற்றி விற்கக் கூடாது என்று, இதற்குமேல் கொடுக்காதே என்ற வரியோடு விலையை அட்டையிலேயே அச்சடித்தது. அந்த அட்டை இன்று ஏலத்தில் என்ன விலைக்குப் போகிறது என்பதைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது.

விற்பனையாளர் போடும் தர எழுத்துகளைப் படிக்கப் பழகுங்கள். 'நியர் மின்ட்' என்றால் ஏறக்குறையப் புதிது. 'வி.ஜி. பிளஸ்' என்றால் லேசான கீறல், கேட்க நன்றாக இருக்கும். வெறும் 'வி.ஜி.' என்றால் நிறையச் சத்தம் இருக்கும். 'குட்' என்று போட்டிருந்தால் கிட்டவே போகாதீர்கள். ஹார்ட்கோர் ரெக்கார்டு பார்ட்டியில் ஓடி, பீர் சிந்தி வந்திருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். இன்ஸர்ட் எனப்படும் உள்தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். பாட்டு வரிகளும் பேண்டின் முகவரியும் அதில்தான் இருக்கும். அது இல்லாத ரெக்கார்டு பாதி ரெக்கார்டு.

போலிகள் ஏராளம். பாத்தரி பேண்டின் 1984 முதல் ஆல்பம் நல்ல உதாரணம். அட்டையில் ஆட்டுத் தலையைத் தங்க நிறத்தில் அச்சடிக்க ஆசை; செலவு கட்டுப்படியாகாமல் மஞ்சளில் அடித்தார்கள். அந்த மஞ்சள் ஆடு ஆயிரம்தான். பேண்டுக்கே அந்த மஞ்சள் பிடிக்காமல், அடுத்த பதிப்பிலிருந்து கறுப்பு வெள்ளை. விலை ஏறியதும் மஞ்சள் ஆட்டின் போலிகள் மந்தை மந்தையாக வந்துவிட்டன. எப்படிக் கண்டுபிடிப்பது? பாட்டு முடிந்து லேபிளுக்கு முன்னால் இருக்கும் வெற்று வளையத்தை விளக்குக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். கையால் கீறிய அல்லது முத்திரை குத்திய எண்ணும் எழுத்தும் தெரியும். சில பேண்டுகள் அங்கே கிண்டலாக ஒரு வரியும் கீறி வைத்திருக்கும். அந்த எண்ணை டிஸ்காக்ஸ் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். நேரில் பார்க்க முடியாவிட்டால் விற்பவரிடம் அந்த வளையத்தின் படம் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். அட்டைப் படத்தில் சின்ன எழுத்துகள் மசங்கியிருந்தால் அது அட்டையை ஸ்கேன் செய்து அடித்தது. 80-களின் தொடக்கத்து நிலத்தடி ரெக்கார்டில் பார்கோடு இருந்தால் அநேகமாக மறுபதிப்பு.

தபால் செலவு பல நேரம் ரெக்கார்டு விலையை எட்டிவிடும். இதனால்தான் புதியவர்களுக்கு நான் ஏழு அங்குலத்தைப் பரிந்துரைக்கிறேன். தட்டு 40 கிராம் அளவுதான். ஹார்ட்கோரின் நல்ல பகுதி எல்லாம் ஏழு அங்குலத்தில்தான் இருக்கிறது. டி.ஆர்.ஐ. பேண்ட் 1983-இல் முதல் ஏழு அங்குலத்தில் 22 பாட்டுகளைத் திணித்தது. அது 33 வேகத்தில் (நிமிடத்துக்கு அத்தனை சுற்று) ஓடும், கவனம். ஏழு அங்குலம் என்றாலே 45 என்று நினைத்துப் போட்டால் அணில் பாடும். லேபிளில் வேகம் போடாத ரெக்கார்டுகளும் உண்டு. நாப்பாம் டெத் மாதிரி அதிவேக கிரைண்ட்கோர் பேண்டைத் தவறான வேகத்தில் ஒரு வாரம் ரசித்துக் கேட்டவர்கள் இருக்கிறார்கள். பல அமெரிக்கச் சிங்கிள்களின் நடுவே பெரிய ஓட்டை இருக்கும். அதற்கு அடாப்டர் வட்டு ஒன்று வாங்கி வையுங்கள்.

சேலம், ஈரோடு, நாமக்கல் என்று மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரே விற்பனையாளரிடம் ஆர்டர் போட்டால் தபால் செலவு பங்காகிவிடும். வங்கி ஆப்பில் கார்டின் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். பல கார்டுகளில் மூடியேதான் தருவார்கள். பார்சலுக்குச் சுங்க வரி விழலாம்; தபாலில் வந்தால் வீட்டு வாசலில் தபால்காரர் வாங்கிக்கொள்வார், கூரியர் என்றால் அடையாளச் சான்று கேட்டு முன்கூட்டியே மெயில் வரும். வரி தப்பிக்க, அன்பளிப்பு என்று எழுதி விலையைக் குறைத்துப் போடச் சொல்லாதீர்கள். பார்சல் தொலைந்தால் அந்தக் குறைந்த விலைதான் நஷ்டஈடாகத் திரும்பும்.

கழுவுவது

புது ரெக்கார்டுக்கும் தேவை. அச்சில் ஒட்டிய துகள் இருக்கும். பேட்டரி கடையில் விற்கும் டிஸ்டில்டு வாட்டர், அதில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மெல்லிய மைக்ரோஃபைபர் துணி. பள்ளம் ஓடும் வட்டத்திலேயே துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை. லேபிளை நனைக்காதீர்கள். சேலத்து போர் தண்ணீரைத் தொடவே வேண்டாம். பக்கெட் விளிம்பில் வெள்ளை உப்பு படிவதைப் பார்த்திருப்பீர்களே, அது பள்ளத்துக்குள் படிந்தால் எடுக்க முடியாது. பூசணம் பிடித்ததற்கு மட்டும் கொஞ்சம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் சேர்க்கலாம். அதை 78 வேகப் பழைய அரக்குத் தட்டில் பட விடாதீர்கள், கரைந்துவிடும். நிழலில், நிற்கவைத்துக் காயவிடுங்கள்.

கேசட்

நிலத்தடி மெட்டலின் அடித்தளம், பேண்டுகள் தாங்களே மாதிரிக்குப் பதிந்த டெமோ கேசட்தான். 80-களில் நார்வேக்காரரும் பிரேசில்காரரும் முகம் பார்க்காமல் தபாலில் கேசட் மாற்றிக்கொண்டார்கள். பாட்டுப் பட்டியலை எழுதிக் கொடுத்து, டி.டி.கே. 90-இல் பதிந்து வாங்க ரெக்கார்டிங் சென்டர் வாசலில் காத்துக் கிடந்த நம் ஊர் தலைமுறைக்கு அந்த ருசியை விளக்க வேண்டியதில்லை. இன்றும் சின்ன பேண்டுகள் நூறு, இருநூறு கேசட் மட்டும் போடுகின்றன. எடை குறைவு, விலை குறைவு, தபாலில் உடைவதும் குறைவு. ஏற்காட்டு ஈரத்தில் நாடா ஒட்டிக்கொள்ளும் என்பதால், வருடத்துக்கு இரண்டு முறை கடைசிவரை ஓட்டித் திருப்பி வையுங்கள்.

மாற்றிக்கொள்வது

ஒரு கட்டத்தில் ஒரே ரெக்கார்டு இரண்டு சேரும், அல்லது காது நகர்ந்துவிடும். விற்பதைவிட மாற்றிக்கொள்வது இந்த வட்டாரத்தில் மரியாதை. அனுப்பும்போது தட்டை அட்டைக்குள் வைத்து அனுப்பாதீர்கள். வழியில் பார்சலைத் தூக்கிப் போட்டால் தட்டின் விளிம்பு அட்டையின் ஒட்டிய ஓரத்தைக் கிழித்துவிடும். உள்ளுறையோடு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் ஒரே பி.பி. கவருக்குள் போட்டு, முன்னும் பின்னும் ஃபிரிட்ஜ் பெட்டி அட்டையை 13 அங்குலச் சதுரமாக வெட்டி வையுங்கள். இரண்டு அட்டையிலும் வரிக்கோடுகள் ஒரே திசையில் ஓடக் கூடாது. ஒன்று நெடுக்காக, ஒன்று குறுக்காக இருந்தால்தான் பார்சல் மடங்காது. வாங்கும்போதும் விற்பவரிடம் இதையே கேளுங்கள். மே மாதத்தில் அனுப்புவதாக இருந்தால் சனிக்கிழமை தபாலில் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஏதாவது ஒரு தகரக் கூரைக்கு அடியில் அது கிடக்கும்.